படியில நிக்காதீங்க

மே 4, சனி

இந்த நாட்குறிப்பு என் விருப்பத்தில் எழுதுவதல்ல. பிருந்தா மேடம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் ஞானபாக்கியம். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் ஒரு விசிலுக்கு மைதானம் முழுக்கப் பிள்ளைகள் வலது பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இப்போது என் மகள் வயசுப் பெண் ஒருத்தி எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாள். காலம்.

பிருந்தா மேடம் நடத்துகிற இடத்துக்கு 'மீள்வோம் குழு' என்று பெயர். சமாதானபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் சனிக்கிழமை கூடுகிறார்கள். கீழே டக்டக்கென்று தட்டுவார்கள், மேலே நாங்கள் மூச்சை இழுத்து விடுவோம். குடியை விட்டவர்கள், விடப்போகிறவர்கள், லிஃப்டைக் கண்டால் நடுங்குகிறவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாமல் தவறுதலாக வந்து சேர்ந்த ஒரே ஆள் நான்தான்.

ஆளுக்கொரு 'கருவிப்பெட்டி' தந்தார்கள். ஸ்குரூ டிரைவராவது இருக்கும் என்று திறந்தேன். ஒரு ரப்பர் பேண்ட், சிரிக்கிற முகம் போட்ட ஸ்டிக்கர்கள், மூச்சுப் பயிற்சியும் விதிகளும் அச்சடித்த அட்டை, இந்த நோட்டு. கெட்ட பழக்கம் செய்யத் தோன்றும்போது மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டுக்கொள்ள வேண்டுமாம். செய்யாமல் இருந்துவிட்டால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமாம். எல்.கே.ஜி.யில்கூட இதைவிடக் கௌரவமாக நடத்துவார்கள்.

எனக்கு என்ன கோளாறு? வெளியே கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸைப் பார்ப்பேன், இஸ்திரிப் பெட்டியைப் பார்ப்பேன், மறுபடி பூட்டைப் பார்ப்பேன். இந்த ஊரில் பூட்டை இழுத்துப் பார்க்காத மனுஷி யார்? நான் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எத்தனை தடவை என்று எழுதச் சொல்கிறார் மேடம். எழுத மாட்டேன். அது என் சொந்த விஷயம்.

ஜூலை பத்தாம் தேதி என் மகள் ஜெமிமாவுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். முறைப்படி அம்மா வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி வசதி நன்றாக இருக்கிறதாம், அதனால் வரவில்லை. வேறு காரணம் இல்லை. ஆகவே நான் போக வேண்டும். பிப்ரவரியில் கிளம்பினேன், ஏப்ரலில் கிளம்பினேன். இரண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். இந்தத் தடவையும் திரும்பினால் என் பேரப்பிள்ளையை முதலில் கையில் வாங்குவது சம்பந்தியம்மாவாக இருக்கும். அது மட்டும் நடக்கக்கூடாது.

மே 6, திங்கள்

ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது. முருங்கைக்கீரைக் கட்டில் வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மே 8, புதன்

இன்று பூட்டை இழுத்தபோது பூட்டு வரவில்லை, கொண்டி வந்துவிட்டது. திருகாணிகளோடு கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு. பூட்டு கெட்டியாகப் பூட்டியபடி என் கையில் தொங்குகிறது, கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

தச்சர் செல்லையா வந்து பார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தார். "இது மூணாவது கொண்டி டீச்சர். கள்ளன்கூட இப்படி இழுக்க மாட்டான்."

"பேசாம மாட்டும்வே" என்றேன். பேசாமல் மாட்டிவிட்டுப் போனார். மாட்டியது கெட்டியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். இதைக் கணக்கில் சேர்க்க முடியாது, புதுக் கொண்டி.

மே 11, சனி

இன்று எல்லோருக்கும் ஆளுக்கொரு துணை. பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்தது இசக்கியப்பன், அரசு பஸ் கண்டக்டர். இப்போது மருத்துவ விடுப்பில் இருக்கிறார். மனைவி கோபித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். சாயங்காலம் ஆறு மணியானால் கால் தானாகவே மதுக்கடைப் பக்கம் திரும்பிவிடுகிறது என்று ஏதோ செருப்பு கடிக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

விதி இதுதான். தவிப்பு வந்தால் துணைக்குப் போன் செய்ய வேண்டும். தவிப்பு ஏறும், பிறகு தானாக இறங்கும். இறங்கும் வரை பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆனால் ஆறுதல் சொல்லக்கூடாது. "பூட்டியாச்சு, கவலைப்படாதீங்க" என்று அவர் சொன்னால் அது என் நோய்க்குப் போடுகிற தீனி. நோய் என்று மேடம்தான் சொன்னார்.

குடிகாரனோடு என்னைச் சேர்த்துவிட்டார்களே என்று வரும் வழியெல்லாம் எரிச்சல். அவருக்கும் "கோட்டிக்காரியோடு, பைத்தியக்காரியோடு சேர்த்துவிட்டார்களே" என்று இருந்திருக்கும்.

மே 14, செவ்வாய்

பயிற்சி: தபால் ஆபீஸ் வரை போய், திரும்பிப் பார்க்காமல் ஒரு தபால் தலை வாங்கி வருவது. ஆபீஸ் வாசல் வரை போய்விட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.  போன் போட்டேன்.

"தபால் ஆபீஸ்ல நிக்கேன். பூட்டினேனான்னு தெரியல."

"அதுக்கு நான் பதில் சொல்லக்கூடாதுல்லா டீச்சர்."

"பின்ன எதுக்குவே போனை எடுத்தீரு?"

 கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விட்டோம். பிறகு, "இப்ப எங்கன நிக்கிய?" என்றார்.

"வாசப்படில."

உடனே குரல் மாறிவிட்டது. "படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு!"

என் கால் உள்ளே போய்விட்டது. காலமெல்லாம் கூட்டத்தை நெரித்து உள்ளே தள்ளிய குரல், அதைக் கேட்டால் யோசிக்கத் தோன்றாது. தபால் தலை வாங்கினேன். யாருக்குக் கடிதம் எழுதப்போகிறேன், அது வேறு விஷயம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன். "டீச்சர், கடை முக்குல நிக்கேன்." 

"அட்டென்ஷன்!" என்று கத்தினேன். மாடிப்படியில் இறங்கிய ஒரு பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. "அபௌட் டர்ன்! லெஃப்ட், ரைட், லெஃப்ட்!"

போனைக் காதில் வைத்துக்கொண்டே குலவணிகர்புரத்தில் அவர் வீட்டு வாசல் வரை நடந்திருக்கிறார். தெருவெல்லாம் பார்த்தார்களாம். "கையை வீசி நடந்தீரா?" என்று கேட்டேன். வீசினாராம். நல்ல மனுஷன்தான்.

ஸ்டிக்கரை ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

மே 19, ஞாயிறு

எங்கள் அடுக்ககத்தின் சங்கக் கூட்டம். பொருள்: ஞானபாக்கியம் டீச்சர் குணமாவது பற்றி.

விஷயம் இதுதான். மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது நான். எல்லோர் வீட்டு கேட்டும் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது நான். ஊருக்குப் போகிறவர்கள் சாவியை என்னிடம்தான் கொடுப்பார்கள். என் வீட்டு ஆணியில் கட்டிடத்தின் பாதிச் சாவி தொங்குகிறது. நான் குழுவில் சேர்ந்த செய்தி பரவியதும் செயலாளர் தாணு சார் உடனே கூட்டம் போட்டுவிட்டார்.

"நீங்க குணமாவுறது எங்க எல்லாத்துக்கும் சந்தோஷம்தான் டீச்சர்" என்றார், துக்க வீட்டுக் குரலில். "ஆனா கோடை முடிஞ்ச பெறவு ஆகக்கூடாதா? இப்பம் தண்ணி கஷ்டம் பாருங்க. மோட்டாரை யாரு கவனிக்க?"

கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். என் நோய்க்கு ஏகமனதான ஆதரவு. எனக்கு வாழ்க்கையில் எந்தத் தேர்தலிலும் இத்தனை ஓட்டு விழுந்ததில்லை.

மே 27, திங்கள்

இப்போது ஜங்ஷன் வரை நடக்கிற பயிற்சி. முருகன்குறிச்சி தாண்ட முடியவில்லை. இரண்டு நாளாக ஸ்டிக்கர் இல்லை. அழுதேன். கோபத்தில் வந்த அழுகை.

இசக்கியப்பன்தான் யோசனை சொன்னார். "டீச்சர், நீங்க போயிட்டே இருங்க. உங்க பூட்டை நான் போய் இழுத்துப் பாக்கேன். எனக்கும் ஆறு மணிக்கு ஒரு சோலி வேணும்லா?"

விதியில் "நீங்கள் சரிபார்க்கக் கூடாது" என்றுதான் இருக்கிறது. துணை சரிபார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டையை முன்னும் பின்னும் படித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 1, சனி

ஏற்பாடு பிரமாதம். ஐந்தரைக்கு நான் கிளம்புவேன். ஆறு மணிக்கு அவர் என் கதவு முன்னால் நின்று பூட்டை இழுத்துவிட்டுத் தன் கண்டக்டர் விசிலை இரண்டு தடவை ஊதுவார். போனில் கேட்கும். இரண்டு விசில் என்றால் வண்டி போகலாம். ஒன்று என்றால் நிறுத்து. "டிரைவர் பின்னால திரும்பியா பாக்கான் டீச்சர்? விசில் கேட்டா எடுத்துருவான்" என்றார்.

கேட்டதும் நான் விடுவிடுவென்று நடந்துவிடுகிறேன். வ.உ.சி. மைதானம் தாண்டி, ஜங்ஷன் வரை போய், ஒரு ரோஸ்மில்க் குடித்தேன். எத்தனை வருஷம் ஆயிற்று.

குழுவில் இரண்டு பேருக்கும் பெரிய ஸ்டிக்கர். அவர் அன்றாடம் ஆறு மணிக்கு என் வாசலில் நிற்பதால் கடைக்குப் போகவில்லை. பிருந்தா மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு லேசாக உறுத்தியது. ஜவ்வரிசி வடகம் பிழிய நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இசக்கியப்பன் மோட்டாரையும் பார்த்துக்கொள்கிறார். செடிக்குத் தண்ணீர் விடுகிறார். வராந்தாவில் நிற்கும் பிள்ளைகளை "உள்ள போங்க, உள்ள போங்க" என்று வீட்டுக்குள் விரட்டுகிறார். தாணு சார் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார். முகம் தெளிந்துவிட்டது அந்த மனுஷனுக்கு. திரும்பி வந்தால் காபி போட்டுக் கொடுப்பேன். மனைவி ஒரு தடவை போனை எடுத்தாளாம், பேசவில்லையாம், ஆனால் உடனே வைக்கவும் இல்லையாம். அதைச் சொல்லும்போது டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலம் வராந்தாவில் ஒரு ஆள் குரல் கேட்பது வசதியாக இருக்கிறது. திருட்டுப் பயம் இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

ஜூன் 15, சனி

மாட்டிக்கொண்டோம்.

குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் கருவியை விளக்க வேண்டும். இசக்கியப்பன் பெருமையாக எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விசிலையும் ஊதிக் காட்டினார். கீழே டைப்ரைட்டிங்கூட நின்றுவிட்டது.

பிருந்தா மேடம் கோபப்பட்டு இன்றுதான் பார்த்தேன். "டீச்சர், நீங்க பூட்டைச் சரிபாக்குறதை விடல. உங்க நோயை இவருக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க! நாளைக்கு இவர் இல்லைன்னா?"

"அட்டையில அப்படி எழுதலியே மேடம்."

"இப்ப எழுதிக்கோங்க. நீங்களும் சரிபாக்கக் கூடாது, அவரும் உங்களுக்காகச் சரிபாக்கக் கூடாது. சந்தேகம் இருக்கட்டும். சந்தேகத்தோடவே பஸ் ஏறுங்க. அதுதான் பயிற்சி."

எழுதிக்கொண்டேன். இசக்கியப்பன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். திரும்பி வரும்போது, "அப்பம் ஆறு மணிக்கு நான் என்ன செய்ய டீச்சர்?" என்று கேட்டார். "அட்டையில் மூச்சுப் பயிற்சி இருக்குல்லா, செய்யும்" என்றேன். விதி என்றால் விதி. மைதானத்தில் விசில் ஊதிய பிறகு பந்தைத் தொட்டால் நான் யாராக இருந்தாலும் வெளியேற்றியவள்.

ஜூன் 17, திங்கள்

இனி எதையும் சரிபார்ப்பதில்லை. எதையும்.

ஜூன் 18, செவ்வாய்

சோறு வெந்ததா என்று பார்க்கவில்லை. குழைந்து கஞ்சியாகிவிட்டது. குடித்தேன்.

ஜூன் 19, புதன்

பஸ்ஸில் போர்டைச் சரிபார்க்காமல் ஏறினேன். ஆலங்குளம் போய்ச் சேர்ந்தேன். அங்கே கத்திரிக்காய் நன்றாக இருந்தது, சொத்தை பார்க்காமல் வாங்கினேன். எல்லாம் சொத்தை. இரண்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

மோட்டார் பக்கம் போகவில்லை. இசக்கியப்பனும் இப்போது வருவதில்லை. தொட்டி வழிந்து, தாணு சார் மாடியில் காயப்போட்டிருந்த மோர்மிளகாய் அத்தனையும் மிதந்து தாழ்வாரத்தின் வழியாக இறங்கி வந்தது. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, "டீச்சர், நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்றார். "சந்தேகத்தோட வாழப் பழகுங்க சார்" என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜெமிமா பேசினாள். எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, "ம்மா, நிஜமாவே வருவியா?" என்றாள்.

"வராம? நீதான் அந்த ஊர் ஆஸ்பத்திரிதான் வேணும்னுட்ட. இங்க வந்திருந்தா..."

"ஆஸ்பத்திரிக்காக இல்லம்மா." என்றாள். "அஞ்சாம் மாசம் அங்க வந்தப்ப கொசுவத்தி அணைஞ்சிருச்சா, கேஸ் மூடியிருக்கான்னு விடிய விடிய என்னை எழுப்பிட்டே இருந்த. எனக்கு உன் வீட்டுல தூங்க முடியலம்மா. பயமா இருந்துச்சு. உன்னைப் பாத்துதான் பயமா இருந்துச்சு."

மோர்மிளகாய் அள்ள வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

உண்மையாகவே அள்ளினேன்.

ஜூன் 24, திங்கள்

ஆறு மணிக்கு இசக்கியப்பனிடமிருந்து போன் வரவில்லை. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று கை போனது. கூப்பிட்டால் அதுவும் சரிபார்ப்புதானே? ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டுக்கொண்டேன். கூப்பிடவில்லை. ஸ்டிக்கர்.

ஜூன் 26, புதன்

அவரே கூப்பிட்டார். பேச்சு குழறியது. பல்வலியாம். கன்னம் வீங்கிவிட்டதாம். கிராம்புத் தைலம் வைக்கச் சொன்னேன். "வச்சுக்கிட்டுதான் இருக்கேன் டீச்சர், வச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று நிறைய தடவை சொன்னார். பிறகு என் பூட்டு சௌக்கியமா என்று கேட்டார். பாவம், வலியில் ஏதோ உளறுகிறார்.

ஜூன் 29, சனி

குழுவுக்கு அவர் வரவில்லை. பல்வலி என்று சொன்னேன். பிருந்தா மேடம் என்னையே பார்த்தார். "நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்றார். "பார்க்கவில்லை" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அதற்குள் லிஃப்ட் பயக்காரர் மயங்கி விழுந்துவிட்டார், பேச்சு மாறிவிட்டது.

ஜூலை 3, புதன்

வெள்ளிக்கிழமை காலை பஸ். டிக்கெட் எடுத்தாச்சு. இசக்கியப்பனிடம் சொன்னேன். "நான் வாரேன் டீச்சர். பூட்டைத் தொட மாட்டேன். கேட்டுக்கு வெளிய நின்னு ரெண்டு விசில் குடுக்கேன், நீங்க நேரா போங்க" என்றார். இதைச் சொல்லும்போது குரல் தெளிவாக இருந்தது. வழியனுப்ப ஒரு ஆள் விசில் ஊதுவதில் மேடத்துக்கு ஆட்சேபம் இருக்க முடியாது.

ஜூலை 5, வெள்ளி. பஸ் ஸ்டாண்டில்

மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து இப்படித்தான் வரும்.

காலை ஆறு மணிக்குப் பெட்டியை வாசலில் வைத்து, கையில் பூட்டோடு நின்றேன். விசில் வந்ததும் ஒரே தடவை பூட்ட வேண்டும், இழுக்காமல் நடக்க வேண்டும். விசில் வரவில்லை. கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன், மேலே வந்தேன், போன் போட்டேன், எடுக்கவில்லை. இதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஆட்டோக்கார மைதீன் ஹாரனை விடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

முருகன்குறிச்சி தாண்டும்போது என் வாய் தானாக, "தம்பி, வண்டியைத் திருப்புப்பா" என்றது.

மைதீன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் அவன்தான் ஓட்டினான். "தெரியுமே டீச்சர். வீட்டுக்குத்தானே?"

"இல்ல. குலவணிகர்புரம்."

எங்கள் கட்டிடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினோம். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீராப்பு இல்லை, அந்த நேரத்தில் அந்த மனுஷன்தான் கண்ணில் நின்றார்.

அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கிக் கருகி, பாத்திரம் அடிப்பிடித்து, தீ எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். ஒரே தடவை. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பித்தானை மாற்றி மாற்றி மாட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாட்டில். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பல்வலி டீச்சர்" என்றார்.

"வாயை மூடும்வே!"

மூடிக்கொண்டார். பிறகு அழுதார். "ஆறு மணிக்கு உங்க கதவு முன்னால நின்னா நான் ஒரு ஆளு. இங்கன இருந்தா நான் யாரு டீச்சர்?"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா?"

"நீங்க ஊருக்குப் போற நேரம். பிள்ளை பெறப் போவுது. பயிற்சில இருக்கிய. நான் வேற எதுக்குத் தொந்தரவு..."

நான் ஏன் வந்து பார்க்கவில்லை? வந்து பார்த்தால் சரிபார்ப்பாகிவிடும் என்று. அதற்கு ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறேன், மடச்சி. அங்கேயே தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுததில் மைதீன் ஹாரனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

பிருந்தா மேடத்துக்குப் போன் போட்டேன். ஸ்கூட்டரில் பறந்து வந்தார். அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பூட்டைத்தான் பாக்கக் கூடாதுன்னேன் டீச்சர். மனுஷனைப் பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார்.

"அதைத் தனியா எழுதிக் குடுத்திருக்கணும் மேடம்."

கிளம்பும்போது இசக்கியப்பன் சட்டைப் பையில் துழாவி விசிலை எடுத்து வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். எச்சில்தான் வந்தது. "போங்க டீச்சர்" என்றார் கடைசியில், வாயாலேயே.

ஏழு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. இதோ கண்டக்டர் ஊதுகிறார்.

அதே நாள். கோவில்பட்டி தாண்டி

கண்ணாடியை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். கனமாக ஏதோ தட்டுப்பட்டது.

என் பூட்டு. வாயைத் திறந்தபடி. கூடவே சாவி.

எடுத்து மடியில் வைத்தேன். வீடு திறந்து கிடக்கிறது. கட்டிடத்தின் பாதிச் சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது. எத்தனை வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்தே விட்டது. இனிமேல் பயப்பட அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா ஜன்னல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள்.

பூட்டினேனா என்கிற சந்தேகமாக இருந்தால் மேடம் சொன்னபடி சும்மா இருக்கலாம். இது சந்தேகமே இல்லையே, பூட்டுதான் மடியில் இருக்கிறதே. தாணு சாருக்குப் போன் போட்டேன்.

"சார், என் வீடு பூட்டாம கெடக்கு. எல்லார் சாவியும் உள்ள இருக்கு. பாத்துக்கோங்க."

அந்தப் பக்கம் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது.

ஜூலை 7, ஞாயிறு. கோயம்புத்தூர்

தாணு சார் வேறொரு பூட்டு வாங்கிப் போட்டுவிட்டார். அதிலிருந்து மணிக்கொரு தடவை போன். "டீச்சர், இப்பம்தான் இழுத்துப் பாத்தேன், கெட்டியா இருக்கு." மறுபடி, "டீச்சர், சந்தேகமா இருந்துச்சு, இன்னொரு தடவை இழுத்தேன்." கட்டிடத்தில் ஆளுக்கொரு முறை வைத்து இழுக்கிறார்களாம். கொண்டி ஆடுகிறதாம்.

பிருந்தா மேடம் நம்பரை அவருக்கு அனுப்பினேன்.

ஜெமிமா நன்றாகத் தூங்கினாள். நான் அவளை எழுப்பவில்லை. நானும் தூங்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

பெண் குழந்தை. இருவரும் சுகம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? மூடப் போனேன். திரும்பி வருவதற்குள் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து சம்பந்தியம்மா கையில் கொடுத்துவிட்டாள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்கள். "எனக்குக் கை நடுங்குதுங்க, நீங்க வாங்குங்க" என்று நீட்டினார்கள். அவர்கள் கை நடுங்கவே இல்லை. நல்ல மனுஷி, இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

குழந்தைக்கு என் மூக்கு. மூச்சு விடுகிறாளா என்று அடிக்கடி பார்த்தேன். ஜெமிமாவும் பார்க்கிறாள், சம்பந்தியம்மாவும் பார்க்கிறார்கள். இதற்கு எவரும் ஸ்டிக்கர் கேட்க வேண்டாம்.

ஜூலை 14, ஞாயிறு

இசக்கியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் ஆறு மணியானால் நான் கூப்பிடுகிறேன். அவர் பேச வேண்டியதில்லை, பொய் சொல்லவும் வேண்டியதில்லை, விசில் போதும். இரண்டு என்றால் வண்டி போகலாம். ஒன்று என்றால் நிறுத்து. வெள்ளிக்கிழமை இரண்டு, நேற்று இரண்டு. சரிபார்ப்பு என்றுதான் இதை எழுதுகிறேன். மேடம் படித்தால் படிக்கட்டும்.

இன்று ஒன்றுதான் வந்தது.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பால்கனியில் இருந்தேன். "எங்கவே நிக்கீரு?"

 பஸ் சத்தம், பாட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம். எந்த இடம் என்று தெரிந்துவிட்டது.

"கடை வாசலா?"

"...படியில நிக்கேன் டீச்சர்."

எனக்கு அட்டென்ஷன் என்று கத்தத் தோன்றியது. குழந்தை தூங்குகிறது, கத்த முடியாது.  பிறகு அவர் குரலையே எடுத்துக்கொண்டேன்.

"படியில நிக்காதீங்க" என்றேன், மெதுவாக. "எறங்குங்க, எறங்குங்க. கீழ எடம் கெடக்கு."

 நான் பேசிக்கொண்டே இருந்தேன். குழந்தையின் மூக்கைப் பற்றி, ஆலங்குளத்துக் கத்திரிக்காயைப் பற்றி, தாணு சார் சனிக்கிழமை குழுவில் சேர்ந்ததைப் பற்றி. சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போயிற்று. பாட்டுச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனதுபோல இருந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒரு நாய் குரைத்தது. ஒரு கதவு திறந்தது, சாத்தியது.

பிறகு இரண்டு விசில். குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிட்டாள்.

"யாரு டீச்சர் அது?" என்றார்.

"பேத்தி" என்றேன். "நாளைக்கும் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன், போனை எடும்."

ஜெமிமா பால் கொடுக்க வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். நான் ஆறிய காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்தேன்.